நாப்பது நியூஸ்லெட்டர், மூணு பாதி கோர்ஸ், ஸ்டோருக்கு போகாத ஒரு ஆப்

கேள்வி: அண்ணா வணக்கம். நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறைல கணக்கு எழுதறேன், வயசு 28, படிச்சது பிகாம், தமிழ் மீடியம். ஆப் டெவலப்மென்ட் நானா யூடியூப் பாத்து கத்துக்கிட்டது. மாமா ரெண்டு லாரி வச்சிருக்கார், அவருக்காக டிரிப் கணக்கு எழுதற ஆண்ட்ராய்ட் ஆப் ஒண்ணு கோட்லின் மொழில செஞ்சேன், வாட்ஸப்ல ஏபிகே (இன்ஸ்டால் ஃபைல்) அனுப்பி ஒரு பதினஞ்சு பேர் யூஸ் பண்றாங்க. ப்ளே ஸ்டோர்ல போடலாம்னு 2024ல அக்கவுண்ட் ஓபன் பண்ணேன், 12 டெஸ்டர் வேணும்னு சொல்லி நிக்குது. நடுவுல தினமும் ஒரு நியூஸ், ரூல் மாறிடுச்சு, ஒரே கோட்ல ஐஃபோனுக்கும் சேத்து ஆப் செய்யற ஃப்ளட்டர் தான் எதிர்காலம், இல்ல கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் தான், ஏஐ வந்தாச்சு இனி டெவலப்பரே வேணாம்னு. நாப்பது நியூஸ்லெட்டர் சப்ஸ்கிரைப் பண்ணி ஒண்ணையும் படிக்கறதில்ல, மூணு கோர்ஸ் பாதில நிக்குது. இங்கிலீஷ்ல படிச்சா பாதி தான் புரியுது. எதை படிக்கறது, எதை விடறது, எங்க கத்துக்கறது? (பெயர் வேண்டாம், நாமக்கல்)

பதில்:

தம்பி, "ஒரு பதினஞ்சு பேர் யூஸ் பண்றாங்க"னு எழுதிட்டு நீங்க பாட்டுக்கு அடுத்த வரிக்கு போயிட்டீங்க, நான் அங்கயே நின்னுட்டேன். நான் 2014ல இருந்து ஈரோட்ல உக்காந்து சொந்தமா ஆப் போட்டு பொழைக்கறவன், என்னோட முதல் ஆப்புக்கு சொந்தக்காரங்க தவிர பதினஞ்சு பேர் சேர எட்டு மாசம் ஆச்சு. லாரிக்காரங்க நோட்லயே எழுதி பழகினவங்க, டீசல் எவ்ளோ, பேட்டா எவ்ளோ, டோல் எவ்ளோ, ஏத்துக்கூலி இறக்குக்கூலி எவ்ளோ, கைல மிச்சம் என்னன்னு ராத்திரி தாபால உக்காந்து எழுதறவங்க, அவங்க நோட்டை மூடி வச்சுட்டு உங்க ஆப்ல எழுதறாங்கன்னா நீங்க கத்துக்க வேண்டியதுல பெரும்பகுதிய அவங்களே உங்களுக்கு சொல்லிடுவாங்க. அதனால நியூஸ்லெட்டர் பட்டியல்ல இருந்து ஆரம்பிக்காம அந்த பதினஞ்சு பேர்கிட்ட இருந்து ஆரம்பிக்கறேன்.

மொதல்ல ஒரு எச்சரிக்கை, இதை முடிச்சுட்டு தான் ஸ்டோர் பக்கம் போகணும். நீங்க வாட்ஸப்ல அனுப்பின ஏபிகே உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற கீ, அதாவது இந்த ஆப் உங்களோடதுனு காட்டற டிஜிட்டல் கையெழுத்து, போட்டு சைன் ஆனது. ப்ளே கன்சோல்ல, அதாவது ஸ்டோருக்கு ஆப் ஏத்தற டெவலப்பர் பக்கத்துல, புது ஆப் ஏத்தும்போது ஒண்ணும் மாத்தாம அடுத்து அடுத்துனு தட்டிட்டே போனா சைனிங் கீய கூகுள் தன் பக்கத்துல புதுசா உருவாக்கிக்கும். இப்ப பேக்கேஜ் பேர் (ஆப்போட உள் அடையாள பேர்) ஒண்ணு, கீ ரெண்டு. கீ வேறயா இருந்தா ஆண்ட்ராய்ட் அதை அப்டேட்னு ஏத்துக்கவே ஏத்துக்காது, பழசை அன்இன்ஸ்டால் பண்ணா தான் புதுசு உள்ள வரும், அன்இன்ஸ்டால் பண்ண உடனே ஃபோன்ல இருக்கற டேட்டாபேஸும் சேர்ந்து போயிடும். உங்க மாமாவோட ரெண்டு லாரி கணக்கு, அந்த பதினஞ்சு பேரோட கணக்கு, மொத்தமும். ஒரு டிரைவர் ஓனர்கிட்ட காட்ட வேண்டிய மூணு மாச பேட்டா கணக்கு உங்க ஆப்பால காணாம போச்சுன்னா அதுக்கு அப்புறம் அவர் எந்த ஆப்பையும் நம்ப மாட்டார், நியாயம் தான்.

இதுக்கு வழி இருக்கு. முதல் ரிலீஸ் ஏத்தறதுக்கு முன்னாடியே ஆப் சைனிங் பக்கத்துல கீய மாத்தற ஆப்ஷன் வரும், அங்க உங்க பழைய கீயவே குடுத்துடலாம், அப்ப ஸ்டோர் வெர்ஷன் பழசு மேலயே அழகா உக்காந்துக்கும். ஏற்கனவே கூகுள் கீயோட ஏத்திட்டீங்கன்னாலும் சரி, வெளிய விடறதுக்கான ரிலீஸ் பில்ட் போடாம ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோல சோதனைக்கு ரன் பண்ண டீபக் ஏபிகேவயே அனுப்பியிருந்தீங்கன்னாலும் சரி, வேற வழில போகணும், ஆப்ல பேக்கப், ரீஸ்டோர்னு ரெண்டு பட்டன் வச்சு ஒரு வெர்ஷன் போட்டு வாட்ஸப்லயே அனுப்புங்க, கணக்கு மொத்தத்தையும் ஒரு ஃபைலா எழுதி சிஸ்டம் ஃபைல் பிக்கர் வழியா டவுன்லோட்ஸ்லயோ டிரைவ்லயோ அவங்களே சேவ் பண்ற மாதிரி வைங்க, ஆப்போட சொந்த ஃபோல்டர்ல வச்சா அதுவும் அன்இன்ஸ்டால்ல போயிடும். அந்த பதினஞ்சு பேரையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, ஃபைல் இருக்கான்னு பாக்க சொல்லிட்டு, அப்புறம் தான் புது வெர்ஷன். கீ இருக்கற கீஸ்டோர் ஃபைலையும் பாஸ்வேர்டையும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வைங்க, பட்டறை கம்ப்யூட்டர்ல மட்டும் வச்சிருக்காதீங்க.

இப்ப பாருங்க, இதை நான் எதுக்கு மொதல்ல சொன்னேன்னா, நீங்க சப்ஸ்கிரைப் பண்ண நாப்பதுல ஒண்ணுலயும் இந்த வாரம் இது வராது. ஏன்னா இது புதுசு இல்ல, வருஷக்கணக்கா இப்படி தான் இருக்கு, டாக்குமென்ட்ல ஒரு பக்கமா அமைதியா கிடக்கு. நியூஸ் படிக்கறவனுக்கு எது புதுசுனு தெரியும், அவன் ஆப்புக்கு எது வேணும்னு அவன் ஆப்பை கேட்டா தான் தெரியும். இது ரெண்டையும் நீங்க ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டதால தான் மூச்சு முட்டுது.

நான் ஒரு நியூஸ் வந்தா ஒரே ஒரு கேள்வி கேப்பேன், இதுல ஒரு தேதி இருக்கா, அந்த தேதிக்குள்ள நான் ஒண்ணும் பண்ணலைன்னா என் ஆப்புக்கு ஏதாவது ஆகுமா? ஆகும்னா காலண்டர்ல எழுதுவேன். இல்லைன்னா நேரம் இருந்தா படிப்பேன், இல்லைன்னா விட்டுடுவேன், விட்டதுக்காக இதுவரைக்கும் வருத்தப்பட்டதில்ல. காலண்டர்ல எழுத வேண்டியது வருஷத்துக்கு நாலஞ்சு தான் வரும், அவ்ளோ தான் தம்பி.

ஒண்ணு, டார்கெட் ஏபிஐ, அதாவது உங்க ஆப் எந்த ஆண்ட்ராய்ட் வெர்ஷனோட ரூலுக்கு ஏத்த மாதிரி எழுதினதுனு சொல்ற நம்பர். வருஷா வருஷம் ஆகஸ்ட் 31. 2025ல அந்த தேதில இருந்து புது ஆப்பும் அப்டேட்டும் ஆண்ட்ராய்ட் 15ஐ, அதாவது ஏபிஐ 35ஐ டார்கெட் பண்ணணும்னு வந்தது, அதுக்கு முந்தின வருஷம் 34. டைம் பத்தலைன்னா கன்சோல்லயே கேட்டா நவம்பர் 1 வரைக்கும் குடுத்தாங்க. அப்டேட்டே போடாம சும்மா வச்சிருக்கற பழைய ஆப்புக்கும் ஒரு கோடு இருக்கு, ரொம்ப பழைய லெவல்லயே விட்டுட்டா புது ஃபோன் வாங்கினவங்க ஸ்டோர்ல தேடினா உங்க ஆப் கண்ணுலயே படாது. இதுல நான் அடி வாங்கியிருக்கேன். 2023 தொடக்கத்துல என்னோட ஒரு ஆப்புக்கு தினமும் நாப்பது இன்ஸ்டால் வந்துட்டு இருந்தது, மெதுவா குறைஞ்சு மூணு நாலுனு ஆயிடுச்சு. யாரோ போட்டிக்கு ஆப் போட்டுட்டாங்கன்னு நினைச்சு ஐக்கானை மாத்தினேன், ஸ்க்ரீன்ஷாட்டை மாத்தினேன், ரெண்டு மாசம் இதுலயே போச்சு. கடைசில பாத்தா கன்சோலுக்குனு தனியா ஒரு மெயில் ஐடி வச்சிருந்தேன், அதை தொறந்தே நாலு மாசம் ஆச்சு, அதுல எச்சரிக்கை மெயில் வரிசையா கிடக்குது. தப்பு முழுக்க என்னோடது. அன்னைக்கு இருந்து அந்த மெயில் என் ஃபோன்ல முதல் அக்கவுண்டா இருக்கு, எந்த நியூஸ்லெட்டரும் அதுக்கு வர்றதில்ல. உங்களுக்கும் இதையே சொல்றேன், உலகத்துலயே உங்களுக்கு முக்கியமான நியூஸ்லெட்டர் கன்சோல்ல இருந்து வர்ற அந்த மெயில் தான், அதோட கன்சோல் இன்பாக்ஸும் பாலிசி ஸ்டேட்டஸ் பக்கமும்.

ரெண்டாவது, 16 கேபி பேஜ் சைஸ். 2025 நவம்பர் 1ல இருந்து ஆண்ட்ராய்ட் 15ஐயோ அதுக்கு மேலயோ டார்கெட் பண்ற ஆப்புக்கு இது கட்டாயம்னு வந்தது. பேரை கேட்டா பயமா இருக்கும், விஷயம் எளிசு தான். ஃபோனோட மெமரிய இதுவரைக்கும் 4 கேபி துண்டா பிரிச்சு வச்சிருந்தாங்க, புது ஃபோன்கள்ல 16 கேபி துண்டா வரப்போகுது, சி, சி பிளஸ் பிளஸ்ல எழுதின நேட்டிவ் லைப்ரரிங்க பழைய அளவுக்கு அடுக்கி வச்சிருந்தா அங்க ஓடாது. உங்க கோட் சுத்த கோட்லின், அதனால அது பிரச்சனை இல்ல, ஆனா நீங்க சேத்த லைப்ரரி எதாவது உள்ள நேட்டிவ் ஃபைலை தூக்கிட்டு வந்திருக்கும், பில் ஃபோட்டோ ஸ்கேன் பண்றது, டேட்டாபேஸை என்கிரிப்ட் பண்றது, பிடிஎஃப் காட்டறது இதெல்லாம் அப்படி வர வாய்ப்பு அதிகம். ஸ்டூடியோல பில்ட் மெனுவுக்கு போய் அனலைஸ் ஏபிகேனு தட்டி உங்க ஃபைலை தொறங்க, லிப்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இந்த கவலைய இன்னைக்கே மறந்துடலாம். இருந்தா எந்த லைப்ரரியோடதுனு பாத்து அதோட புது வெர்ஷனுக்கு மாறணும், புது வெர்ஷனே வராத லைப்ரரின்னா அதை கழட்டணும். இனிமே எந்த லைப்ரரி சேக்கறதுக்கு முன்னாடியும் கோட் வச்சிருக்கற கிட்ஹப் தளத்துல கடைசியா எப்ப கை வச்சிருக்காங்கன்னு தேதிய பாருங்க, ஸ்டாரை பாத்து ஏமாறாதீங்க. நான் சார்ட் வரையறதுக்கு சேத்த ஒரு லைப்ரரிய எழுதினவர் பாதில விட்டுட்டு போயிட்டார், அதை பிரிச்சு எடுக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு.

மூணாவது, உங்க வாட்ஸப் ஏபிகே சம்பந்தப்பட்டது. 2025 ஆகஸ்ட்ல கூகுள் ஒரு அறிவிப்பு விட்டாங்க, ப்ளே ஸ்டோருக்கு வெளிய இருந்து இன்ஸ்டால் ஆகற ஆப்பும் அடையாளத்தை உறுதிப்படுத்தின டெவலப்பரோடதா இருக்கணும்னு. 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து இந்த நாலு நாட்ல ஆரம்பிச்சு 2027ல இருந்து மத்த நாடுகளுக்கும்னு சொல்லியிருக்காங்க. ப்ளே கன்சோல்ல அடையாள அட்டை குடுத்து வெரிஃபை பண்ணவங்களுக்கு பெரிய வேலை இல்ல, ஆனா "ஸ்டோரே வேணாம், வாட்ஸப்லயே ஓட்டிடலாம்"னு ஒரு எண்ணம் உங்களுக்கு இருந்தா அதை நம்பி உக்காராதீங்க.

நாலாவது வகை, நீங்க யூஸ் பண்ற ஏதாவது சர்வீஸை மூடறது. லிங்க்கை தட்டினா ஆப்புக்குள்ள கொண்டு போற கூகுளோட ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸை 2025 ஆகஸ்ட் 25ல மூடினாங்க, ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியும் கடைசி நாள் வரைக்கும் தெரியாம இருந்தவங்க எனக்கு தெரிஞ்சே ரெண்டு பேர். உங்க ஆப் எதை எதை நம்பி ஓடுதுனு ஒரு தாள்ல எழுதி பட்டறைல டேபிள் கண்ணாடிக்கு அடில வச்சுக்கோங்க, அந்த தாள்ல இருக்கற பேர் நியூஸ்ல வந்தா மட்டும் நின்னு படிங்க.

மத்த எல்லாமே ரெண்டாவது கூடை, நேரம் இருந்தா படிக்கறது. 2022 அக்டோபர்ல நம்ம காம்படிஷன் கமிஷன் ப்ளே பில்லிங் (ஸ்டோர் வழியா காசு வாங்கற முறை) விஷயத்துல கூகுளுக்கு 936.44 கோடி அபராதம் போட்டது, 2024 மார்ச் தொடக்கத்துல பில்லிங் தகராறுல பாரத் மேட்ரிமோனி மாதிரி நம்ம ஊர் ஆப்பையெல்லாம் ஸ்டோர்ல இருந்து எடுத்து சில நாள்ல திரும்ப வச்சது, அமெரிக்கால எபிக் கேம்ஸ் கம்பெனி கூகுள் மேல போட்ட கேஸ், இதெல்லாம் நானும் விரும்பி படிக்கறவன், டெவலப்பரோட பை சம்பந்தப்பட்ட சண்டை இது, தெரிஞ்சுக்கணும். ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டுட்டு படிக்கலாம். திங்கக்கிழமை காலைல கோட் எழுத உக்காரும்போது வேணாம்.

ஃப்ளட்டரா மல்டிபிளாட்ஃபார்மானு கேட்டிருந்தீங்க. மாறாதீங்க. கூகுள் கோட்லினுக்கு கை குடுத்தது 2017ல, இனி கோட்லின் தான் முதல்னு சொன்னது 2019ல, ஸ்க்ரீன் கட்டறதுக்கான கம்போஸ் 1.0 வந்தது 2021 ஜூலைல. இத்தனை வருஷத்துல ஒரு ஆண்ட்ராய்ட் டெவலப்பர் மெனக்கெட்டு மாத்திக்க வேண்டியிருந்த பெரிய விஷயம் அந்த ரெண்டு தான், ஜாவால இருந்து கோட்லின், எக்ஸ்எம்எல்ல இருந்து கம்போஸ், அதுலயும் பழசு ஒரே நாள்ல செத்துடல, எக்ஸ்எம்எல்ல எழுதின ஆப் இன்னைக்கும் ஓடுது. தினமும் பூகம்பம் வர்ற மாதிரி வீடியோ தலைப்புல தான் தெரியுது. ஃப்ளட்டர் நல்ல சாமான், அதுல தொடங்கியிருந்தீங்கன்னா அதுலயே இருங்கன்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு கோட்லின் வந்துடுச்சு, கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பர்ல ஸ்டேபிள் ஆச்சு, ஐஃபோனுக்கு கம்போஸ் 2025 மே மாசம் ஸ்டேபிள் ஆச்சு, அதனால என்னைக்காவது ஐஃபோனுக்கு போகணும்னாலும் இந்த ரோட்லயே போகலாம். அதுவும் இப்ப வேணாம், மேக் வேணும், ஆப்பிளுக்கு வருஷம் 99 டாலர் கட்டணும், உங்க ஆளுங்க கைல இருக்கறது ஆண்ட்ராய்ட்.

சரி, 12 டெஸ்டர். 2023 நவம்பர் 13க்கு அப்புறம் ஓபன் பண்ண பர்சனல் அக்கவுண்ட்டுக்கு எல்லாம் இந்த ரூல், மொதல்ல 20 பேர்னு இருந்தது, 2024 டிசம்பர்ல 12ஆ குறைச்சாங்க, அந்த 12 பேரும் க்ளோஸ்ட் டெஸ்ட்ல (நீங்க சேத்தவங்க மட்டும் பாக்கற சோதனை) 14 நாள் தொடர்ந்து இருக்கணும். காசு குடுத்தா டெஸ்டர் தர்றோம்னு டெலிகிராம்ல வர்றதை தொடாதீங்க, என் மனசார சொல்றேன். அவங்க இன்ஸ்டால் பண்ணி வைப்பாங்க, ஒரு வரி எழுத மாட்டாங்க, 14 நாள் முடிஞ்சு ப்ரொடக்ஷன், அதாவது எல்லாருக்கும் விட அனுமதி, கேக்கும்போது "டெஸ்டர்ஸ் என்ன சொன்னாங்க, நீங்க என்ன மாத்தினீங்க"னு ஃபார்ம்ல கேப்பாங்க, அங்க எழுத உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. உங்ககிட்ட தான் பதினஞ்சு பேர் இருக்காங்களே! அவங்ககிட்ட ஜிமெயில் ஐடி வாங்குங்க, நிறைய பேருக்கு ஃபோன் கடைக்காரர் போட்டு குடுத்த ஐடி தான் இருக்கும், என்னன்னு அவங்களுக்கே தெரியாது, ப்ளே ஸ்டோரை தொறந்து மேல இருக்கற வட்டத்தை தட்டி நீங்களே பாத்து எழுதிக்கோங்க. 12னு சரியா நிக்காதீங்க, ஒருத்தர் ஃபோனை மாத்திட்டாலோ வெளிய வந்துட்டாலோ கணக்கு உடையும், பதினெட்டு இருபது பேர் சேருங்க, உங்க பட்டறைக்கு பாடி கட்ட வண்டி விடறவங்க இருக்காங்க, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் இருக்கு, நாமக்கல்ல லாரிக்காரங்களுக்கா பஞ்சம். அவங்க சொல்றதை எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க, ஃபார்ம்ல அப்படியே எழுதலாம்.

அவங்க சொல்றது தான் உங்க சிலபஸும். கோர்ஸ் மூணு பாதில நிக்குதுனு குற்ற உணர்ச்சியா எழுதியிருக்கீங்க. நானும் ஒரு ட்ரெய்னிங் சென்டர்ல 35,000 ரூபா கட்டி ஆறு மாசம் போனவன், சர்டிஃபிகேட் வாங்கினேன், ஒரு லிஸ்ட்டை ஃபோன்ல சேவ் பண்ண தெரியாம வெளிய வந்தேன். கோர்ஸ் தன் வரிசைல போகும், உங்க ஆப்புக்கு அந்த வரிசை தெரியாது. ஒரு டிரைவர் "டோல் தனியா, ஃபாஸ்டேக் தனியா எழுதணும் தம்பி"னு கேட்டா உங்களுக்கு டேபிள்ல ஒரு காலம் (செங்குத்து வரிசை) கூடுதலா வேணும், அன்னைக்கு நீங்க படிக்க வேண்டியது ரூம் மைக்ரேஷன், அதாவது ரூம்ங்கற டேட்டாபேஸ் லைப்ரரில பழைய டேட்டா போகாம டேபிளை மாத்தறது. இதுல ஒரு குழி இருக்கு, ரொம்ப டுடோரியல்ல வேலை சீக்கிரம் முடியணும்னு ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்னு ஒரு வரி போட்டிருப்பாங்க. அந்த வரி இருந்தா டேபிள் மாறின உடனே மைக்ரேஷன் எழுதலைன்னா ரூம் பழைய டேட்டாவை மொத்தமா அழிச்சுட்டு புதுசா கட்டிடும். வீடியோல அது பரவால்ல, உங்க ஆப்ல அது ஒருத்தரோட வருஷக்கணக்கு. இப்பவே ப்ராஜெக்ட்ல தேடி பாருங்க, இருந்தா எடுத்துடுங்க. காசை டபுள்ல (தசம எண் வகை, துல்லியம் தவறும்) வச்சிருந்தாலும் மாத்துங்க, பைசாவா லாங்ல (முழு எண் வகை) வைங்க, கணக்கு எழுதறவர் நீங்க, பத்து பைசா இடிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

தமிழ்ல ஆப் செய்யறவங்க கண்டிப்பா முட்டிக்கற இடம் ரெண்டு இருக்கு, எந்த கோர்ஸும் சொல்லாது. கோட்லின்ல "தமிழ்"ங்கற சொல்லோட லெங்த் கேட்டா 5னு சொல்லும், நம்ம கண்ணுக்கு மூணெழுத்து. மி ரெண்டு குறியீடு, ழ் ரெண்டு குறியீடு, அதனால. ஐஃபோனோட ஸ்விஃப்ட்ல அதையே கேட்டா 3னு வரும், அந்த மொழி எழுத்தை மனுஷன் பாக்கற மாதிரி எண்ணுது. பேரை பத்து எழுத்துல வெட்டி மூணு புள்ளி வைக்கற மாதிரி கோட் எழுதியிருந்தா பாதி எழுத்துல வெட்டும், கொம்பு கால் எல்லாம் தனியா நிக்கும். வெட்ட வேண்டிய இடத்துல, எழுத்து எங்க முடியுதுனு சொல்ற பிரேக் இட்டரேட்டர் வச்சு வெட்டுங்க, இல்ல வெட்டறதை கம்போஸோட டெக்ஸ்ட்டுக்கே விட்டுடுங்க, அதுக்கு தெரியும். அடுத்தது பிடிஎஃப். ஓனருக்கு அனுப்ப டிரிப் சீட்டை பிடிஎஃப்ஆ கேப்பாங்க பாருங்க, நிச்சயமா கேப்பாங்க. வெளி லைப்ரரி சிலதுல "கொ"னு எழுதினா க முன்னாடி வந்து கொம்பு பின்னாடி வரும், எழுத்தை சேத்து வடிவமாக்கற வேலைய அதுங்க செய்யறதில்ல. ஆண்ட்ராய்டுக்குள்ளயே பிடிஎஃப் டாக்குமென்ட்னு ஒரு கிளாஸ் இருக்கு, ஸ்க்ரீன்ல எழுதற அதே முறைல கேன்வாஸ்ல வரையறதால தமிழ் சரியா வரும், நேட்டிவ் ஃபைல் தொல்லையும் கிடையாது.

எங்க கத்துக்கறதுன்னா, கூகுளோட ஆண்ட்ராய்ட் பேசிக்ஸ் வித் கம்போஸ் கோர்ஸ் இலவசம், அதுல உங்களுக்கு வேணுங்கற யூனிட்டை மட்டும் எடுத்து பண்ணுங்க, டேட்டா சேமிக்கற யூனிட்ல இருந்து ஆரம்பிச்சா போதும். கோட்லேப், அதாவது செஞ்சு பாத்து கத்துக்கற பாடம், ஒவ்வொண்ணும் ஒரு சாயந்தரத்துல முடியும். நவ் இன் ஆண்ட்ராய்ட்னு கூகுள் கிட்ஹப்ல ஒரு முழு ஆப்போட கோடை வச்சிருக்காங்க, படிச்சு பாருங்க, அதே மாதிரி கட்டாதீங்க, அது பெரிய டீம் வேலை செய்யற அளவுக்கு பிரிச்சு பிரிச்சு வச்சது, ஒத்த ஆள் அதை காப்பி அடிச்சா மாட்யூல் பிரிக்கறதுலயே ஒரு வருஷம் போயிடும். ஸ்டோர் பக்கம் எப்படி எழுதறது, பாலிசி என்னங்கறதுக்கு ப்ளே அகாடமி இருக்கு, அதுவும் இலவசம். நியூஸ்லெட்டர்ல ஆண்ட்ராய்ட் வீக்லி ஒண்ணை வைங்க, மத்த முப்பத்தொன்பதையும் எடுத்துடுங்க, அதுலயும் தலைப்பை மட்டும் பாத்துட்டு உங்க டேபிள் தாள்ல இருக்கற பேர் வந்தா தொறங்க. ஆண்ட்ராய்ட் டெவலப்பர்ஸ் பிளாக் கூகுளோட சொந்த வாய், ரூல் மாறினா அங்க தான் மொதல்ல வரும், யூடியூப்ல ஒருத்தர் "எல்லாம் முடிஞ்சுது"னு தம்ப்நெயில் போட்டா உடனே அங்க போய் மூல அறிவிப்பை படிங்க, பாதி நேரம் அது உங்களுக்கு சம்பந்தமே இருக்காது. தனி ஆளா ஆப் பண்ணி பொழைக்கறவங்க எப்படி யோசிக்கறாங்கன்னு கேக்கணும்னா அண்டர் த ரேடார்னு ஒரு பாட்காஸ்ட், மார்கோ ஆர்மெண்ட்டும் டேவிட் ஸ்மித்தும் பேசறது, எபிசோட் அரை மணி நேரத்தை தாண்டாது, ஐஃபோன் ஆளுங்க தான் ஆனா விலை வைக்கறது, சப்போர்ட் மெயில், சலிப்பு இதெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணு. கோயம்புத்தூர்ல கூகுள் டெவலப்பர் குரூப் இருக்கு, மீட்டிங் போட்டா ஒரு தடவை பஸ் ஏறி போயிட்டு வாங்க, தனியா உக்காந்து கோட் எழுதறவனுக்கு இன்னொரு ஆள் ஸ்க்ரீனை எட்டி பாக்கறதே பெரிய பலம்.

இங்கிலீஷ் பத்தி. நானும் தமிழ் மீடியம் தான் தம்பி, பவானி பக்கம் ஒரு கவர்மென்ட் ஸ்கூல். டாக்குமென்ட் இங்கிலீஷ் கதை இங்கிலீஷ் மாதிரி இல்ல, திரும்ப திரும்ப அதே இருநூறு முந்நூறு சொல் தான். டெப்ரிகேட்டட்னா இன்னைக்கு ஓடும், ஆனா இனிமே புதுசா எழுதாதே. ரிமூவ்ட்னா இல்லவே இல்ல. பிரேக்கிங் சேஞ்ச்னா வெர்ஷன் ஏத்தினா உன் கோட் உடையும். பிஹேவியர் சேஞ்ச்னா கோட் கம்பைல் ஆகும், ஆனா வேற மாதிரி நடந்துக்கும், இது தான் ரொம்ப ஆபத்து, ஒவ்வொரு ஆண்ட்ராய்ட் வெர்ஷனுக்கும் இந்த தலைப்புல ஒரு பக்கம் போடறாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை டார்கெட் ஏத்தறதுக்கு முன்னாடி அதை முழுசா படிங்க. ஒரு நோட்டு போட்டு படிச்சதை தமிழ்ல உங்க சொந்த வார்த்தைல ரெண்டு வரி எழுதுங்க, எழுத வரலைன்னா புரியலைன்னு அர்த்தம், திரும்ப படிக்கலாம். தமிழ்ல சொல்லி தர்ற யூடியூப் வீடியோ அடிப்படை புரியறதுக்கு ரொம்ப நல்லது, வெக்கப்படாம பாருங்க, தேதிய மட்டும் பாத்துக்கோங்க.

ஏஐயும் அப்படி தான். டாக்குமென்ட்ல ஒரு பத்திய போட்டு தமிழ்ல விளக்க சொல்லுங்க, நல்லா விளக்குது, நானும் பண்றேன். கோட் கேட்டா ஜாக்கிரதை, 2020லயே ஆண்ட்ராய்ட் 11ஓட ஒதுக்கி வச்ச அசிங்க்டாஸ்க்ங்கற பழைய கிளாஸை இன்னும் சில நேரம் எடுத்து நீட்டுது. குடுக்கற கோட்ல ஸ்டூடியோ குறுக்கு கோடு போட்டு காட்டினா நின்னு, அந்த கிளாஸோட டாக்குமென்ட் பக்கத்தை பாருங்க. டெவலப்பரே வேணாம்னு சொல்றவங்ககிட்ட, ஏத்துக்கூலிய டிரைவர் குடுத்தாரா ஓனர் குடுத்தாராங்கறதுல எத்தனை சண்டை வருதுனு கேளுங்க, உங்களுக்கு தெரியும், உங்க ஆப்போட பெலமே அது தான்.

காசு விஷயம் நீங்க கேக்கல, ஆனா ஒண்ணு சொல்லிடறேன். 25 டாலர் ஒரு தடவை கட்டினதோட சரி, விக்க ஆரம்பிச்சா வருஷத்துக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரைக்கும் ஸ்டோர் 15 சதவீதம் எடுக்கும். பர்சனல் அக்கவுண்ட்ல காசு வாங்க ஆரம்பிச்சா உங்க முழு அட்ரஸ் ஸ்டோர்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி வரும், வீட்ல அம்மா தங்கச்சி இருக்காங்கன்னா யோசிச்சு முடிவு பண்ணுங்க. மொதல் ஆறு மாசம் இலவசமாவே விடுங்கங்கறது என் கருத்து. விளம்பரம் போடாதீங்க, ராத்திரி கணக்கு எழுதறவர் விரல் தவறி விளம்பரத்துல பட்டா அவர் நோட்டுக்கே திரும்பிடுவார்.

இந்த வாரம் பண்ண வேண்டியதுனு பாத்தா பேக்கப் பட்டன், கீஸ்டோர் காப்பி, அப்புறம் ப்ராஜெக்ட்ல அந்த டிஸ்ட்ரக்டிவ் வரிய தேடறது. நீங்க அனுப்பின ஏபிகே டீபக்கா ரிலீஸானு பாத்து எனக்கு ஒரு வரி எழுதுங்க, அதை பொறுத்து கீ விஷயத்துல எந்த வழில போறதுனு அடுத்த தடவை ஸ்டெப் ஸ்டெப்பா சொல்றேன். அது தெரியற வரைக்கும் கன்சோல்ல எதையும் அழுத்தாதீங்க.